கழுவி வைத்த சத்தம்

ஷரீபுன்னிசாவின் பிக்கப் வண்டியில் ஸ்டீரிங் சத்தம் போட ஆரம்பித்துப் பத்து நாள் ஆவதற்குள், அது என்ன கோளாறு என்று அடித்துச் சொல்லாத ஆண்பிள்ளை அவள் குடும்பத்தில் ஒருவர்கூட மிச்சமில்லை.

கடையநல்லூரில் தறி ஓடும் வீடுகளில் துண்டுகளை வாங்கிக் கட்டி, குற்றாலத்து அருவிக் கரைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது அவள் தொழில். சீசன் மூன்று மாதமும் வாரத்துக்கு நாலு நடை போக வேண்டும். முதலில் வாடகை வண்டிக்காரர்களை நம்பியிருந்தாள். சீசன் நேரத்தில் அவர்கள் போனை எடுப்பதில்லை. சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கி டிரைவர் வைத்தாள். சீசன் நேரத்தில் டிரைவரும் போனை எடுக்கவில்லை. அதற்கப்புறம் அவளே தென்காசிக்குப் போய் ஓட்டப் படித்து லைசென்ஸ் எடுத்துவிட்டாள். தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். குற்றாலத்துக் கடைக்காரர்கள், சரக்கு நேரத்துக்கு வருகிறதா என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நேராக ஓடும்போது வண்டி வாயைத் திறக்காது. மெதுவாகப் போய் வளைக்கும்போதுதான், அதுவும் இடது பக்கம் முழுதாக ஒடித்தால், அடியிலிருந்து காய்ந்த பலகையைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம் வரும். சில நாள் வரும், சில நாள் வராது.

கணவன் யாக்கூப் பதினாலு வருஷமாகச் சவுதியில், தமாமில் ஏசி பழுது பார்க்கிறான். விஷயத்தைக் கேட்டதும், "வீடியோ கால் போடு, போனை டயர் பக்கத்துல வையி" என்றான். அவள் ஒரு கையால் ஸ்டீரிங்கைத் திருப்பி, மறு கையை ஜன்னல் வழியாகத் தொங்கவிட்டுப் போனை நீட்டினாள். அடுத்த வீட்டு மிக்சி சத்தமும் திருநெல்வேலி பஸ்ஸின் ஹாரனும் சேர்ந்து தமாமுக்குப் போயின.

"பவர் ஸ்டீரிங் பம்பு. சந்தேகமே இல்ல" என்றான் யாக்கூப்.

அதோடு விட்டிருக்கலாம். வீடியோவைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டான். ஷார்ஜாவில் தையல் கடை வைத்திருக்கும் மச்சான் பேரிங் என்றார். குவைத்தில் ஒரு அரபி வீட்டில் சமையல் செய்யும் பெரியவர், வீல் அலைன்மெண்ட் என்றும், அங்கே இந்தச் சத்தமெல்லாம் வராது, ரோடு அப்படி என்றும் எழுதினார். ஒருவர் வெள்ளிக்கிழமை வாழ்த்துப் படம் அனுப்பினார். பம்புதான் என்று யாரும் ஒத்துக்கொள்ளாததில் யாக்கூபுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சத்தம் எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று ஷரீபுன்னிசாவிடம் ஒருவரும் கேட்கவில்லை.

வண்டிக்கு இன்னும் வாரண்டி இருந்ததால் தென்காசியில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனாள். கண்ணாடிக் கட்டிடம். சர்வீஸ் அட்வைசர் விஜயசங்கர் கழுத்தில் டை கட்டி, கையில் டேப்லட் வைத்திருந்தான். முப்பது வயதிருக்கும்.

"டிரைவர் வரலையா மேடம்?"

"நான்தான் டிரைவர் சார்."

அவள் தோளுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் எழுத ஆரம்பித்தான். வண்டி முதலில் கழுவும் இடத்துக்குப் போனது. அழுக்கு வண்டியை உள்ளே ஏற்றுவதில்லை என்பது அங்கே சட்டம். அடியிலும் மேலும் குழாயால் பீய்ச்சி அடித்து, பளபளவென்று ஆக்கி, அதன்பின் விஜயசங்கர் ஓட்டிப் பார்த்தான். இடது பக்கம் ஒடித்தான், வலது பக்கம் ஒடித்தான். சத்தமில்லை. ஷரீபுன்னிசா ஓட்டிப் பார்த்தாள். அவளுக்கும் கேட்கவில்லை.

"சத்தம் வண்டில இல்ல மேடம். லேடீஸ் ஸ்டீரிங்க இறுக்கிப் பிடிப்பாங்க. அதனால அப்படித் தோணும்."

'சத்தம் இல்லை. வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது' என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

இரண்டாம் நாள், வீட்டு முக்கில் திரும்பும்போது சத்தம் வந்தது. முன்னைக்கு இப்போது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. மறுபடி போனாள். மறுபடி கழுவினார்கள், மறுபடி சத்தமில்லை. இந்த முறை விஜயசங்கர், "வீட்ல ஜென்ட்ஸ் யாரையாவது வரச் சொல்லுங்க மேடம், விளக்கமா பேசிரலாம்" என்றான்.

யாக்கூப் தன் தம்பி முகம்மது ரபீக்கை அனுப்பினான். ரபீக் செல்போன் கவர் விற்கும் கடை வைத்திருந்தான். ஸ்கூட்டர் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை. மூன்றாவது தடவை வண்டி குளித்து முடிக்கும்வரை ரபீக்குக்கு ஏசி அறையில் டீ வந்தது. விஜயசங்கர் ஒரு தாளில் படம் போட்டு, அம்புக்குறிகள் இழுத்து, இருபது நிமிஷம் ரபீக்குக்கு விளக்கினான். பக்கத்து நாற்காலியில் இருந்த ஷரீபுன்னிசா பக்கம் அந்தத் தாள் திரும்பவே இல்லை. ரபீக் ஒவ்வொரு அம்புக்குறிக்கும் தலையாட்டினான். முடிவில், ஸ்டீரிங் பாக்ஸையே மாற்ற வேண்டும் என்றும், அதிக லோடு ஏற்றியிருப்பதால் வாரண்டியில் வராது என்றும் ஆனது.

"சரி சார், பண்ணிருங்க" என்றான் ரபீக்.

"சத்தமே இல்லன்னு ரெண்டு தடவை எழுதிக் குடுத்திருக்கீங்க சார்" என்றாள் ஷரீபுன்னிசா. "இல்லாத சத்தத்துக்கு எதுக்குப் பாக்ஸ மாத்தணும்?"

விஜயசங்கர் ரபீக்கைப் பார்த்துப் பதில் சொன்னான். "இது கொஞ்சம் டெக்னிக்கல் சார். மேடத்துக்குப் புரியாது."

அவள் மேஜைமேல் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வண்டி இடைகால் ஊரைத் தாண்டியதும் ரபீக் மெதுவாக, "மைனி, அவரு சொன்னதுல பாதி எனக்கு வெளங்கல" என்றான்.

"மீதிப் பாதி?"

"அதுவுந்தான்."

அடுத்த நடை குற்றாலத்துக்குப் போன அன்று, காலையில் வீட்டு முக்கில் வண்டி நன்றாகவே கத்தியது. தென்காசி தாண்டி இலஞ்சிப் பக்கம் வரும்போது சாரல் பிடித்துக்கொண்டது. ஐந்தருவியில் கார் நிறுத்துமிடத்தில் கால் வைக்க இடமில்லை. முன்னே போய், பின்னே வந்து, ஏழெட்டுத் தடவை ஸ்டீரிங்கைக் கடைசிவரை ஒடித்தால்தான் வண்டி சந்துக்குள் நுழையும். ஒடித்தாள். ஒரு முனகல்கூட இல்லை.

முத்துவடிவின் கடையில் துண்டுக் கட்டுகளை இறக்கிவிட்டு, டீயைக் கையில் வாங்கிக்கொண்டு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன் டயரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சர்வீஸ் சென்டரிலிருந்து வண்டியை எடுக்கும்போதும் இப்படித்தான் சொட்டும். இந்த மாதத்தில் சத்தம் வராத நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எல்லாம் சாரல் அடித்த நாள், அல்லது அவர்கள் கழுவிக் கொடுத்த நாள். டீ புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னட்டி, தனியாச் சிரிக்க?" என்றாள் முத்துவடிவு. ஐம்பது வயதுக்காரி. அருவிக் கரையில் இருபது வருஷமாக எண்ணெயும் சோப்பும் துண்டும் விற்கிறவள். ஷரீபுன்னிசா விஷயத்தைச் சொன்னாள்.

"அப்போ குளிச்சா சத்தம் போடாது. நம்ம ஊருக்கு வர்ற ஆம்பளைங்களுக்கு நேர்மாறால்லா இருக்கு" என்றாள் முத்துவடிவு.

வெயில் நன்றாக அடித்த அடுத்த செவ்வாய்க்கிழமை வண்டி கடையநல்லூரிலிருந்து ஐந்தருவி வரைக்கும் வளைவுக்கு வளைவு கத்திக்கொண்டே வந்தது. ஷரீபுன்னிசா சமதரையாகப் பார்த்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயர்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தாள். விரித்த பழைய துண்டில் மல்லாந்து படுத்து, முன்பக்கம் வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தாள். பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர்.

"அக்கா, மேல ஏறி உக்காந்து ஸ்டீரிங்க அங்கிட்டும் இங்கிட்டும் திருப்புங்க."

"ஏட்டி, எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."

"வண்டி நகராதுக்கா. இஞ்சின் ஓடல."

இஞ்சின் ஓடாத வண்டியின் ஸ்டீரிங் லேசில் திரும்பாது. முத்துவடிவு பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். சத்தம் வந்தது. ஆனால் அடியில் படுத்துக் கேட்டால் எல்லா இரும்பும் ஒன்றாகச் சத்தம் போடுவதுபோல இருந்தது. காதை நம்பிப் பயனில்லை என்று தெரிந்ததும் ஷரீபுன்னிசா கையை நீட்டினாள். ஸ்டீரிங் கம்பிகள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகள் நாலு இருந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து, "திருப்புங்கக்கா" என்றாள். மூன்று மூட்டுகள் சும்மா இருந்தன. இடது சக்கரத்தை ஒட்டிய நாலாவது மூட்டு, விரலுக்கடியில் நறநறவென்று மணல் அரைத்தது.

இதற்குள் அருவியில் குளிக்க வந்தவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் வடிய, ஜட்டியோடு சுற்றி நின்றுவிட்டார்கள். ஒருவர் ஜாக்கி போடச் சொன்னார். ஒருவர் பம்பு என்றார். அவர் தமாமில் இருக்கவில்லையே தவிர, அதே உறுதி. ஒருவர் குனிந்து, "வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" என்றார்.

"இருக்காவ" என்றாள் முத்துவடிவு ஸ்டீரிங்கைப் பிடித்தபடி. "அதான் இவ்வளவு நாளாயிட்டு."

ஷரீபுன்னிசா முதலில் வலது பக்க மூட்டில் தண்ணீர் ஊற்றினாள். முத்துவடிவு திருப்பினாள். சத்தம் அப்படியே இருந்தது. இடது பக்க மூட்டில் ஊற்றினாள். சத்தம் நின்றது. மூட்டின் ரப்பர் உறையை விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு பக்கம் கிழிந்து, உள்ளிருந்து துருப்பொடி விரலில் ஒட்டியது.

மறுநாள் காலை, ஈரம் காய்ந்து கத்துகிற வண்டியோடு சர்வீஸ் சென்டருக்குப் போனாள். "சார், கழுவாம உள்ள எடுங்க. இடது பக்க மூட்டு போயிருக்கு."

விஜயசங்கர் டேப்லட்டை அவளிடம் காட்டினான். அவளிடம் அவன் எதையாவது காட்டியது அதுதான் முதல் தடவை. "வாட்டர் வாஷ்ல டிக் போடாம சிஸ்டம் ஜாப் கார்டு ஓப்பன் பண்ணாது மேடம்."

அவள் வாதாடவில்லை. வண்டிக்குள் ஏறி, வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் கண்ணாடி அறைக்கு நேர் முன்னால் நிறுத்தி, ஸ்டீரிங்கை இடதும் வலதுமாக ஒடித்துக்கொண்டே இருந்தாள். சத்தம் கண்ணாடியைத் தாண்டி உள்ளே போனது. ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சுரண்டையிலிருந்து வெங்காய லோடு அடிக்கும் ஒருவர், "எனக்கும் இதே சத்தந்தான். இங்கன கொண்டாந்தா மட்டும் இருக்க மாட்டேங்கு" என்றார். விஜயசங்கர் கைகளை ஆட்டி, "மேடம், மேடம்" என்றான்.

பட்டறையிலிருந்து பரமசிவன் என்ற மூத்த மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் குனிந்து, இடது பக்க மூட்டில் கை வைத்து, "திருப்புங்கம்மா" என்றார். ஒரே ஒரு தடவைதான்.

"டை ராடு எண்டு. ரப்பர் கிழிஞ்சிருக்கு. கிழிஞ்ச இடத்துல பிரஷர் தண்ணி அடிச்சா, இருக்க கிரீசும் போயிரும். ஈரத்துக்கு ரெண்டு நாள் சத்தம் அடங்கும். அப்புறம் முன்ன விடக் கேக்கும்."

"இத ஏன் அண்ணாச்சி முன்னாடியே சொல்லல?" என்றான் விஜயசங்கர்.

"எங்கிட்ட கழுவுன வண்டிதான வருது" என்றார் பரமசிவன். "போன வருசம் ஒரு வண்டிய கழுவாம ஏத்துனேன். தரையெல்லாம் சகதின்னு நீங்கதான எனக்கு மெமோ குடுத்தீங்க?"

கழுவாமலே வண்டி உள்ளே போனது. பரமசிவன் அந்த மூட்டைக் கழற்றி வந்து அவளிடம் காட்டினார். உருண்டைத் தலை, குழிக்குள் நிற்காமல் லொடலொடவென்று ஆடியது. லேசாக இழுத்தார். கையோடு வெளியே வந்துவிட்டது.

"இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தீங்கன்னா ரோட்டுலயே கழண்டிருக்கும்மா. கழண்டா சக்கரம் ஒரு பக்கம், ஸ்டீரிங் ஒரு பக்கம்."

ஷரீபுன்னிசா இலஞ்சி வளைவை நினைத்தாள். அங்கே காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் இரண்டு வரிசையாகப் போவார்கள். அந்த வளைவில்தான் அவள் வாரத்துக்கு நாலு தடவை திரும்பியிருக்கிறாள். இதுவரை சிரிப்பும் எரிச்சலுமாக இருந்தது எல்லாம் போய்விட்டது. அந்த மூட்டை வாங்கி விஜயசங்கரின் மேஜைமேல், டேப்லட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்குத் தோணுதுன்னு நீங்க சொன்னது இதத்தான்."

அவன் டேப்லட்டைச் சற்று நகர்த்தி வைத்தான், அழுக்குப் படாமல். வாரண்டியில் போட்டுவிடலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னான். ஸ்டீரிங் பாக்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை.

மதியத்துக்குள் புது மூட்டு மாட்டி முடிந்தது. காத்திருந்தபோது அவள் குடும்பக் குழுவில் போட்ட பழைய மூட்டின் படத்தைப் பார்த்துவிட்டு யாக்கூப் கூப்பிட்டான். "பம்பு இல்லையாமே?"

"இல்ல."

"ஆனா ஸ்டீரிங்லதான் கோளாறுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா?"

"சொன்னீங்க" என்று போனை வைத்துவிட்டாள். அந்த நேரத்தில் ரபீக்கிடமிருந்து ஒரு படம் வந்தது. 'மதிப்பிற்குரிய திரு. முகம்மது ரபீக், தங்கள் வாகனம் தயாராக உள்ளது' என்று சர்வீஸ் சென்டர் அவனுக்கு அனுப்பியிருந்த செய்தி. அவனும் விளங்காமல் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான்.

அவள் விஜயசங்கரிடம் போனாள். "வண்டி என் பேர்ல இருக்கு. நான்தான் ஓட்டுதேன். உங்க சிஸ்டத்துல என் பேரப் போடுங்க."

மாற்றுவதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும், நாளைக்குச் செய்துவிடலாம் என்றான். நாளைக்கு வேண்டாம், இருந்து வாங்கிக்கொண்டே போகிறேன் என்று உட்கார்ந்தாள். அவன் யார் யாருக்கோ போன் போட்டான். முக்கால் மணி நேரம் கழித்து முகத்தில் வேர்வையோடு வந்து, "மாத்தியாச்சு மேடம்" என்று டேப்லட்டை நீட்டினான்.

'திரு. ஷரீப்' என்று இருந்தது.

"முழுப் பேரு அந்தக் கட்டத்துல பிடிக்கல மேடம். 'திரு' தானா வருது."

ஷரீபுன்னிசா அதை இரண்டு தடவை படித்தாள். டேப்லட்டை அவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"திருத்துங்க தம்பி. நான் இங்கனதான் இருக்கேன்."