மேட்டுத் தெருக் குறுக்கீடு

செய்தி வாசிப்பவள் தன் வீட்டுச் சமையலறையில் வாய் திறவாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அதே வேளையில், அவளுடைய குரல் மேட்டுத் தெரு முடிதிருத்தகத்து வானொலிப் பெட்டியில் அயலான் ஒருவனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. அங்கே நாற்காலியில் பாதி முகம் நுரையோடு அமர்ந்திருந்தவர் அவளுடைய கணவர்.

ஊரார் அவரைக் கம்பத்தார் என்பர். குன்றின்மேல் உயர்ந்த கம்பத்தோடு இருந்த மறு ஒலிபரப்பு நிலையம் அவருடைய பொறுப்பு. கீழே நகரத்து நிலையத்தில் அவர் மனைவி வாசிப்பதை வாங்கி, வேறோர் அலைவரிசைக்கு மாற்றி, அப்பாலுள்ள சரிவுகளுக்கு அனுப்புவதே அதன் வேலை. அங்கே ஒலிவாங்கி கிடையாது. வந்ததை அனுப்பலாம், சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்க இயலாது. மணமான நாள்முதல் அவளுடைய குரலைச் சேதமின்றி ஊராருக்குச் சேர்த்தவர், வீட்டில் அதனோடு பேசியதெல்லாம் எரிவாயு தீர்ந்ததா, கதவைத் தாழிட்டாயா என்பவையே.

அண்டை நகரத்து வானொலிக்கு அடுத்த அலைவரிசையை ஒதுக்கிய அதிகாரிகள் வரைபடத்தைத் தட்டையான மேசையில் விரித்துப் பார்த்தவர்கள். நடுவே குன்று ஒன்று இருப்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. இத்தகையோருக்கும் பதவி உயர்வு கிடைக்கிறது. ஆகவே இரு நிலையங்களும் மேட்டுத் தெருவில் மோதின. முதல் மாதம் வெறும் இரைச்சல். அடுத்த மாதம் அவளுடைய வானிலை அறிக்கையும் அந்நகரத்து நேயர் விருப்பக்காரனின் அறிவிப்பும் ஒன்றுக்கொன்று வழிவிடப் பழகின. அதன்பின் இரண்டும் தம் வேலையை மறந்தன. அறிக்கையை முடித்து அவள் வீடு திரும்பிய பின்னும் குரல் அங்கேயே தங்கிவிட்டது. நிலையத்தில் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டால் மழை அறிவிப்பைத் தவிர வேறொன்றும் இராது.

"இடின்னா உனக்குப் பயமா?" என்றது பெட்டிக்குள் ஆண்குரல்.

"பக்கத்துல யாராவது இருந்தா பயமில்ல," என்றது அவள் குரல்.

"உங்க வீட்டம்மா சிரிச்சா இவ்வளவு நல்லா இருக்கும்னு இன்னைக்குத்தான் சார் தெரியுது," என்றார் முடிதிருத்துபவர். கம்பத்தார் எழ முயன்றார். "ஆடாதீங்க சார். கத்தி கழுத்துல இருக்கு."

மறுகன்னம் மழிக்கப்படாமலேயே அவர் வீடு சேர்ந்தார்.

"உனக்கு இடின்னா பயமா?"

"அடேயப்பா!" என்றாள் மனைவி, வெங்காயத்திலிருந்து கண்ணெடுக்காமல். "இத்தனை வருஷம் கழிச்சுக் கேக்குறீங்க. யாரு சொல்லிக் குடுத்தா?"

குற்றம் செய்யாதவளைக் குற்றம் சாட்டவும் அவரால் முடியவில்லை. குற்றம் செய்த குரலைப் பிடித்து உலுக்கவும் வழியில்லை. மனைவி தம்மை விட்டுப் போய்விடுவாளோ என்று அஞ்சும் கணவர்கள் உண்டு. இவரோ, அவளிடத்தில் சிறந்த பகுதி முன்பே போய்விட்டது என்று அறிந்தவர்.

குன்றேறி, அயலானின் குரலை அமுக்கிவிடும் நோக்கத்தோடு நிலையத்தின் திறனைக் கூட்டினார். அவ்வளவு படித்தவர் செய்யத்தகாத பிழை அது. அண்டை நகரத்தாரும் விட்டுக்கொடுக்கவில்லை; அவர்களும் கூட்டினர். இவர் மீண்டும் கூட்ட, அவர்களும் மீண்டும் கூட்ட, ஒரு தெருவில் மட்டும் சந்தித்துவந்த குரல்கள் ஊர் முழுவதும் உலாவத் தொடங்கின. கம்பத்தாரின் சமையலறைப் பெட்டியிலும் அவை கொஞ்சின. மனைவி தன் குரலை அயலார் பேச்சைப் போலக் கேட்டு, "இவளுக்கு வந்த வாழ்வைப் பாரு," என்று பெட்டியின் வாயை அடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

கம்பத்தார் விதிமுறைகளை எல்லாம் மறந்தார். பழைய தொலைபேசியின் பேசும் பகுதியைக் கழற்றி, அனுப்பும் கருவியோடு பற்றவைத்தார். அந்நிலையம் எழுப்பப்பட்ட நாள்முதல் அங்கிருந்து எழுந்த முதல் சொந்தக் குரல் அவருடையது.

"இடிச்சா... நான் இருக்கேன். பக்கத்துலதான் இருக்கேன்."

சரிவெங்கும் கொஞ்சல் நின்றது. பிறகு மனைவியின் குரல் மரியாதையோடு வினவியது: "யாருங்க நீங்க? புதுசா இருக்கே."

அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. நாள்தோறும் பேசினார். பிடித்த நிறத்தைக் கேட்டார்; சிறுவயதில் எதற்கு அழுதாள் என்று கேட்டார். கேட்கத் தெரியாமல் கேட்டார். ஆண்குரல் இடையிடையே கேலி செய்தது: "யாரு சார் இது, பரீட்சை வைக்கிறாரு?" அவள் குரல் முதலில் அவனோடு சேர்ந்து சிரித்தது, நாளடைவில் அவனை அடக்கிவிட்டு விடை சொன்னது.

இதைச் சமையலறையில் கேட்டவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கத்தியை வைத்தாள், கையைக்கூடக் கழுவவில்லை, அதுவரை ஏறியிராத குன்றில் மூச்சிரைக்க ஏறினாள். நிலையத்தின் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"வீட்டுல நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அவகிட்ட என்ன கொஞ்சல்?"

"அவ நீதானே!"

"நானா? என்கிட்ட எந்த நிறம் பிடிக்கும்னு கேட்டீங்களா?" அவர் கையிலிருந்ததைப் பிடுங்கி, வாயருகே வைத்தாள். "இந்தாடி, இவர் என் வீட்டுக்காரர். உனக்கு அந்த நேயர் விருப்பம் போதும்."

"எடுத்துக்கோ," என்றது அவள் குரல். "ஆனா நல்லாத்தான் பேசுறாரு."

அதிகாரிகள் பின்னர் வேறோர் அலைவரிசையைத் தர முன்வந்தனர். மேட்டுத் தெருவார் ஒருமுகமாக மறுத்துவிட்டனர். அங்கே இப்போது நான்கு குரல்கள் கேட்கின்றன, பெரும்பாலும் சண்டை. கூட்டம் தாளாமல் முடிதிருத்துபவர் வாசலில் இன்னொரு விசுப்பலகை போட்டிருக்கிறார்.