மூன்று சொல் மஞ்சள்

சைரன் அலறியபோது என் இரண்டு விரல்கள் ஒரு தச்சரின் வாய்க்குள் இருந்தன.

அவர் துள்ளினார். பல் 'நறுக்' என்று மூடியது. மரத்துப்போகும் ஊசி அவருக்குத்தான் போட்டிருந்தேன், எனக்கு இல்லை. நான் விரலை உதறிக்கொண்டு நிற்க, அவர் நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பிடித்துக்கொண்டு பாதி வாயால் கேட்டார்.

"ஆம்புலன்ஸா டாக்டர்?"

"இல்லைங்க. எங்கப்பா."

வீட்டின் முன்னறைதான் என் பல் மருத்துவமனை. கதவைத் தாண்டினால் சாப்பாட்டு அறை. அங்கே மேசையின் முக்கால் பங்கில் அப்பாவின் கம்ப்யூட்டர் குடியிருக்கும். மிச்சத்தில் நாங்கள் முழங்கையை இடித்துக்கொண்டு சாப்பிடுவோம். மேசைக்கு மேலே சுவரில் ஒரு சைரன். மரச்சாமான் தொழிற்சாலையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, அங்கிருந்து ஞாபகமாகக் கேட்டு வாங்கி வந்த ஒரே பொருள். அவர் எழுதிய நிரல் சோதனையில் தோற்றால் அது ஊளையிடும்படி ஒயர் இழுத்து வைத்திருந்தார்.

நிரலின் பெயர் 'பலகை'. பலகையின் அளவையும் வேண்டிய துண்டுகளின் அளவையும் கொடுத்தால், மரம் வீணாகாமல் எப்படி வெட்டுவது என்று படம் போட்டுக் காட்டும். பலர் சேர்ந்து நடத்தும் ஒரு பெரிய இலவச மென்பொருள் தொகுப்பில் அதற்கும் ஓர் இடம் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொகுப்பின் புதுப் பதிப்பு வரும். அதில் சேர வேண்டுமென்றால் நிரலை ஒழுங்காக பேக்கேஜ் கட்டி அனுப்ப வேண்டும். சோதனை செய்யும் நிரல் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, தப்புக்குச் சிவப்பும் சின்னக் குறைக்கு மஞ்சளும் போடும். சிவப்பு இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். மஞ்சளென்றால் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுவார்கள். என் பாஷையில் சொன்னால் சிவப்பு சொத்தை, மஞ்சள் கூச்சம்.

சோதனைக் குழுவில் 'பலகை' யார் பொறுப்பு தெரியுமா? மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் என் மனைவியின் பொறுப்பு.

கல்யாணமான புதிதில் மாமனாரும் மருமகளும் ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு என் வழியாகத்தான் பேசுவார்கள். "உப்பு போதுமான்னு கேளுடா." "போதும்னு சொல்லுங்க." கோபமெல்லாம் கிடையாது. அப்பாவுக்கு யாரிடமும் பேச வராது; அவளுக்கு அப்பாவிடம் மட்டும் பேச வராது. நடுவில் நான் தபால்காரன்.

அப்புறம் ஒருநாள் 'பலகை' மேல் ஒரு மஞ்சள் விழுந்தது. 'விளக்கம் மிகச் சிறியது.' நிரல் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அப்பா மூன்றே சொல் எழுதியிருந்தார்: 'பலகை வெட்ட உதவும்.'

அன்றுதான் அப்பா முதன்முதலாக அவள் அறைக்கு மாடிப்படி ஏறினார்.

"ஏம்மா, தச்சு வேலை செய்யறவனுக்குக் கதை எதுக்கு? பலகை போதாதா?"

"பலகை வெட்ட ரம்பம்கூடத்தான் உதவும் மாமா! இது என்னன்னு புதுசா பாக்கறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

நேருக்கு நேர் கத்தினார்கள். தபால்காரனுக்கு வேலை போயிற்று. அதிலிருந்து ஒவ்வொரு பதிப்பின்போதும் இந்த ஒரு மஞ்சளுக்காக மாடிக்கும் கீழுக்கும் ரகளை நடக்கும். சாப்பிடும்போதும் தொடரும். கடைசியில் மஞ்சள் அப்படியே இருக்க, 'பலகை' உள்ளே போய்விடும்.

இந்த முறை அந்தப் பருப்பு வேகாது. இனிமேல் மஞ்சளும் சிவப்பு மாதிரிதான், ஒன்று இருந்தாலும் கதவு சாத்தப்படும் என்று காலையில் மேலிடம் அறிவித்துவிட்டது. கெடு மாலை ஐந்து மணி.

தச்சரிடம் இதைச் சொன்னதும் வாயில் வைத்த பஞ்சோடு எழுந்து உட்கார்ந்தார்.

"ப்பலகை ப்போயிடுமா? என்ன டாக்டர் இது! ப்புதுசுல வட்ட மேசை வெட்டற வழி வருதுன்னு நம்பி ஆர்டர் எடுத்துட்டேன்!"

"உட்காருங்க. பாத்துட்டு வரேன்."

அப்பாவுக்குப் பக்கத்தில் மதியச் சாப்பாடு மூடியபடியே இருந்தது. ஆனால் ஆள் குஷியாகத்தான் இருந்தார்.

"பாருடா, படம் வெச்ச கோப்பை, நிரல் மாதிரி 'ஓடவிடலாம்'னு குறிச்சு வெச்சிருக்கேன். சிவப்பு போட்டுட்டா உன் பொண்டாட்டி. நியாயந்தான், படம் எங்கடா ஓடும்?" தட்டினார், சிவப்பு மறைந்தது. "கையேடு இல்லையாம். இந்தா, கையேடு." ஒரு மஞ்சள் போயிற்று. தேவையில்லாத ஒரு பழைய கோப்பைத் தூக்கி எறிந்தார்; இன்னொன்று போயிற்று.

ஒன்று மட்டும் மிஞ்சியது. அதே மூன்று சொல்.

"நாலு வரி எழுதிடுங்களேன்ப்பா. முடிஞ்சுது."

"நீ பல்லைப் பாரு." சற்று யோசித்தார். "மாடிக்குப் போய் அவ என்ன பண்றான்னு பாத்துட்டு வா."

மறுபடி தபால்காரன். மேலே என் மனைவி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தலைகீழா நின்னாலும் உங்கப்பா எழுதமாட்டார். அதான், நானே விலக்கு குடுத்துட்டேன்."

"அப்படின்னா?"

"இந்த பேக்கேஜுக்கு மட்டும் இந்தக் குறையைக் கண்டுக்காதேன்னு சோதனைக்கு ஒரு வரி. கூடவே காரணம் எழுதணும். எழுதிட்டேன்."

"இவ்வளவுதானா? இதை முன்னாடியே குடுத்திருக்கலாமே?"

அவள் திரையில் எதையோ அவசரமாகத் தேடினாள். "அவர்கிட்ட சொல்லிடாதீங்க. தானா பச்சையானதும் முழிக்கட்டும்."

கீழே இறங்கினேன். பரீட்சையில் பிட் அடித்த பையனைப் போல அப்பா திரையைக் கையால் மறைத்தார்.

"எழுதிட்டேன்டா. நீளமா."

"நிஜமாவா! இதை முன்னாடியே எழுதியிருக்கலாமேப்பா?"

"அவகிட்ட மூச்சு விடாதே. அவளே பாத்து அசந்து போகட்டும்."

இரண்டு ரகசியங்களோடு நான் தச்சரிடம் திரும்பினேன். ஒரே பல்லுக்கு இரண்டு வைத்தியம், நல்லதுதானே?

"என்னாச்சு டாக்டர்?"

"ரெட்டைப் பாதுகாப்பு. கவலையை விட்டுட்டு வாயத் திறங்க."

அவர் திறந்தார். சைரனும் வாயைத் திறந்தது. இந்த முறை விரலை நான் முன்கூட்டியே உருவிக்கொண்டேன்.

சாப்பாட்டு அறைக்கு ஓடினேன். பின்னாலேயே கழுத்தில் கட்டிய துணியோடு தச்சர். திரையில் புத்தம் புதிதாய் ஒரு மஞ்சள்: 'விலக்கு கேட்ட குறை இந்தப் பேக்கேஜில் இல்லை.'

"எந்த விலக்கு? யாரு கேட்டா?" என்றார் அப்பா.

மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். "குறை எப்படி இல்லாம போச்சு? விளக்கத்தை யாரு மாத்தினா?" என்று கேட்டபடி என் மனைவி வந்து நின்றாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்."

"இவர் எழுதினதும் தெரியுமா?"

"ரெண்டும் தெரியும். ரெண்டு பேருந்தானே சொல்லாதேன்னீங்க!"

"கடவுளே! இல்லாத குறைக்கு விலக்கு வெச்சிருந்தா அதுவும் ஒரு குறைங்க," என்றாள் அவள். "சொத்தையே இல்லாத பல்லை அடைச்சா விடுவீங்களா?"

விடமாட்டேன்.

அவள் குனிந்து அப்பாவின் விளக்கத்தைப் படித்தாள். பாதியில் நிமிர்ந்தாள். "மாமா, இது போன தடவை நான் கத்தினதாச்சே. ஒரு எழுத்து மாறலை."

"நல்லாத்தான் இருந்துச்சு. போட்டேன்." அப்பா இப்போது அவளுடைய விலக்கைத் திறந்து காரணத்தைப் படித்தார். "'தச்சு வேலை செய்பவருக்குக் கதை தேவையில்லை, பலகை போதும்.' இது என் வாயில வந்ததாச்சேம்மா!"

"யோசிச்சுப் பாத்தா, நீங்க சொன்னதுதான் சரின்னு பட்டுச்சு."

"ஐயா, மணி!" என்று பின்னாலிருந்து தச்சர் அலறினார். "ஏதாவது ஒண்ணை எடுங்க!"

"நான் எழுதினதை எடுத்துடறேன். உன் விலக்கு இருக்கட்டும்," என்றார் அப்பா.

"ஐயோ, வேண்டாம் மாமா. விலக்கை எடுக்கறேன். உங்க விளக்கம் இருக்கட்டும்."

அவர் தன் கம்ப்யூட்டரில் கை வைத்தார். அவள் கையிலிருந்த மடிக்கணினியைத் திறந்தாள். இரண்டு பேரும் வேகமாகத் தட்ட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் என் மரமண்டையில் விளக்கு எரிந்தது.

"நிறுத்துங்க! ரெண்டு பேரும் எடுத்தா பழைய மஞ்சளே திரும்பி வரும்!"

பாய்ந்து அப்பாவின் இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து தூக்கினேன். பல் பிடுங்கும் கைக்கு அது ஒரு வேலையா? "நீங்க கையைக் கட்டிக்குங்கப்பா. நீ எடு."

அவள் விலக்கை எடுத்தாள். மறுபடி அனுப்பினாள். சோதனை ஓடியது. நாலு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு சைரனையே பார்த்தோம்.

சைரன் சும்மா இருந்தது. திரையில் பச்சை. சிவப்பு இல்லை, மஞ்சள் இல்லை. 'பலகை' உள்ளே போய்விட்டது.

தச்சர் கைதட்டினார். "வட்ட மேசை!" என்று கூவியபோது வாயிலிருந்த பஞ்சு பறந்து அப்பாவின் சாப்பாட்டு மூடிமேல் விழுந்தது. நான் சிரித்தேன். மற்ற இருவரும் சிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் குறையே இல்லாத பேக்கேஜ். இருவர் முகமும் ரயிலைத் தவறவிட்டது போல இருந்தது.

"அப்ப சரி மாமா," என்றாள் அவள்.

"சரிம்மா," என்றார் அப்பா.

அவள் படியேறத் தொடங்கினாள். பாதியில் நின்று, கைப்பிடியைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, அடுத்த பதிப்புல புதுசா ஏதாவது சேர்க்கறீங்களா?"

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு, சுவரிலிருந்த சைரனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"சேர்க்காம? நிறையத் தப்பு வர்ற மாதிரி, பெருசா ஒண்ணு சேர்க்கறேம்மா."