தொணதொணப்பு டாட் காம்

என் கணவருக்கு நான் வைத்த பெயர் தொணதொணப்பு. கல்யாணமான முதல் வாரத்திலேயே வைத்துவிட்டேன். மனிதர் வாஷிங் மெஷினைப் பழுது பார்க்கும்போது மெஷினோடு பேசுவார், சாப்பிடும்போது தட்டோடு பேசுவார், வேறு ஆள் கிடைக்காத நேரத்தில் என்னோடு பேசுவார். பின்னாளில் எங்கள் சர்வீஸ் கடைக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று முடிவானபோது, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் பெயரிலேயே டொமைன் வாங்கிவிட்டார். தொணதொணப்பு டாட் காம்.

"உலகத்துல ஒருத்தனும் இந்தப் பேரைத் தொடலை, பாத்தியா? காலியாவே இருந்துச்சு" என்று பெருமை வேறு. தொடுவார்களா பின்னே?

அதில் அவர் எழுதியதெல்லாம் பேசுகிற மாதிரியே இருக்கும். 'மெஷின் சுத்தும்போது நடந்து வருது' என்று ஒரு பக்கம். 'கதவு திறக்க மாட்டேங்குது, உள்ளே ஆபீஸ் சட்டை' என்று இன்னொன்று. மற்ற கடைக்காரர்கள் 'அதிர்வுக் கோளாறு' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் மெஷின் நடக்க ஆரம்பித்தால் யார் அதிர்வுக் கோளாறு என்று தேடுவார்கள்? 'நடக்குது' என்றுதான் பதறிப்போய்த் தட்டுவார்கள். தட்டினால் முதலில் வந்து நிற்பவர் இவர்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு நான் கடைக்குப் போய் போன் அருகே உட்கார ஆரம்பித்தேன். கூப்பிடுகிறவர்கள் அவர் எழுதியதை என்னிடமே ஒப்பிப்பார்கள். "சார் சொல்லியிருந்தாரே, மெஷினுக்கு ஒரு கால் குட்டைன்னா மனுசன் மாதிரி அதுவும் நொண்டும்னு. பாத்தேங்க, நொண்டுது." வீட்டில் சத்தம் இல்லை. கடையில் அவருடைய வாக்கியங்கள் யார் யார் குரலிலோ வந்துகொண்டிருந்தன. அதற்காகத்தான் போனேன். வேறு எதற்காகவும் இல்லை.

கடையை நடத்துவது என் கொழுந்தன். கை சுத்தமான தொழிலாளி, ஆனால் வாயைத் திறக்க மாட்டார். ஒரு நாள் அவரே வந்து பேச்சைத் தொடங்கியதில் நான் கொஞ்சம் பயந்துதான் போனேன்.

"அண்ணி, பெரிய ஹோட்டல் ஒண்ணு. மெஷின் எல்லாம் நம்மகிட்டயே விடறேங்கறாங்க. மேனேஜர் நம்ம பில்லைப் பாத்துட்டு, கம்பெனி பேரே இதானான்னு சிரிக்கறாரு."

"சிரிச்சா நல்லதுதானே தம்பி?"

"சிரிச்சுட்டு வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துட்டா? நம்பிக்கை சர்வீஸ்னு மாத்திக்கலாம் அண்ணி. பழைய பேரு எங்கயும் போயிடாது. அதைத் தட்டினாலும் புதுசுக்கு வந்துரும். ஃபார்வர்டுன்னு ஒரு வசதி இருக்கு."

சரி என்றேன். புது வெப்சைட் வந்தது. முகப்பில் கொழுந்தன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் படம், கீழே 'அனைத்துக் கோளாறுகளும் நீக்கப்படும்'. ஹோட்டல் வேலை கிடைத்தது. போன் மணிதான் நின்றுவிட்டது. சீசன் இல்லை என்று நினைத்தோம். துணி துவைப்பதற்கு என்ன சீசன்? வீட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் மட்டும் அன்போடு அழைத்துக்கொண்டிருந்தார்கள். நானே ஒரு நாள் 'மெஷின் நடந்து வருது' என்று தேடிப் பார்த்தேன். முதலில் இல்லை. கீழே இல்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை. மனிதர் இரண்டாவது தடவை போய்விட்டது போல இருந்தது.

அந்த வாரம் ஒரு பெண் கடைக்குள் புகுந்தாள். தோளில் லேப்டாப் பை, சட்டையில் சோப்பு நுரை.

"அக்கா, இங்க ஒரு சார் எழுதுவாரே, அந்தப் பக்கம் எங்க? போன தடவை அவர் சொன்னபடி செஞ்சு மெஷினை நிறுத்திட்டேன். இப்ப மறுபடி நடக்குது. பழைய லிங்க்கைத் தட்டினா இந்த அண்ணா படம் வருது. மெஷின் நடக்குது, இவரு நிக்கறாரு. நான் என்ன பண்ண?"

கொழுந்தன் தன்னையறியாமல் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

அவள் வெப்சைட் போடுகிற பெண்ணாம். உட்கார்ந்து எங்கள் ஃபார்வர்டைத் திறந்து பார்த்தவள், தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, பழைய பக்கம் அத்தனையையும் முகப்புக்கே திருப்பி விட்டிருக்கீங்க."

"அதுதானே முறை? எத்தனை மெஷின் இருந்தாலும் கழிவுத் தண்ணி ஒரே குழாய்லதானே போகும்?"

"தம்பி, அது வெளியே போற தண்ணி" என்றேன் நான். "இவங்க உள்ளே வர்றவங்க. சுடுதண்ணி பைப்பையும் பச்சைத்தண்ணி பைப்பையும் ஒண்ணாவா மாட்டுவ?"

"அதேதான் அக்கா" என்றாள் அவள். "நடக்குற மெஷினுக்கு வந்தவங்க நடக்குற மெஷின் பக்கத்துக்குத்தான் போகணும். படத்தைப் பாத்துட்டு எல்லாரும் திரும்பிட்டாங்க. இன்டர்நெட் தேடலும் இந்த முகப்பைப் பழைய பக்கத்துக்குப் பதிலா ஏத்துக்கலை. சார் சேத்து வச்ச மதிப்பு பழைய பேர்லயே கிடக்குது. அப்புறம் இதென்ன, 'தற்காலிகம்'னு போட்டிருக்கீங்க? பேரு மாறினது நிரந்தரம்தானே?"

கொழுந்தன் திருப்புளியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"ரெண்டு கட்டம் இருந்துச்சு. அண்ணன் பேருக்கு நேரா நிரந்தரம்னு... கை போகலைம்மா."

பிறகு நான்தான் கட்டத்தை மாற்றச் சொன்னேன்.

அவளுடைய மெஷினைக் கொழுந்தன் சரிசெய்வது, எங்கள் வெப்சைட்டை அவள் சரிசெய்வது என்று பேச்சு. பழைய பக்கம் ஒவ்வொன்றுக்கும் புதிதில் ஒரு ஜோடி வேண்டும் என்றாள். கொழுந்தன் எழுதியிருந்த 'அதிர்வுக் கோளாறு நீக்கப்படும்' ஜோடியாகாதாம். அதனால் பழைய எழுத்தை ஒரு சொல் மாற்றாமல் நம்பிக்கை சர்வீஸுக்குள் குடியேற்றினோம். அவள் பக்கத்தை வாசிக்க வாசிக்க, அது எங்கே போக வேண்டும் என்று நான் சொல்வேன். எல்லாம் அவர் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியவை. தப்பித்து ஓட வழியில்லாமல் கேட்டவை.

ஒன்றை மட்டும் நான் கேட்டதில்லை.

"'சத்தமே வரலை, என்ன செய்ய'ன்னு ஒரு பக்கம் இருக்கு அக்கா. நிறைய பேர் வந்த பக்கம். அண்ணா இதைப் புதுசுல சேக்கவே இல்லை."

கொழுந்தன் வாசல் பக்கம் பார்த்தார். "அது வேணாம்னு விட்டுட்டேன் அண்ணி. நீங்க பாத்தா சங்கடப்படுவீங்க."

படித்தேன். சத்தம் போடுகிற மெஷினுக்கு வைத்தியம் உண்டு, சத்தமே போடாத மெஷின்தான் பயம், முதலில் பிளக்கைப் பாருங்கள், பிறகு கதவைப் பாருங்கள் என்று போகிறது. கடைசியில் எழுதியிருந்தார்: 'எங்க வீட்டுலயும் ரெண்டு நாளாச் சத்தம் இல்லை. பிளக், கதவு எல்லாம் பாத்துட்டேன். நான்தான் ஏதோ பண்ணியிருக்கேன். என்னன்னு தெரியலை. தெரிஞ்சதும் இங்கேயே எழுதறேன்.'

எழுதவில்லை. கீழே வந்தவர்களெல்லாம் கேட்டிருந்தார்கள். 'சார், தெரிஞ்சுதா?' 'எங்க வீட்டுலயும் இதே கேஸ், சீக்கிரம் சொல்லுங்க.'

அந்த இரண்டு நாள் எனக்கு நினைவே இல்லை. எந்தச் சண்டை, அவர் என்ன செய்தார், எதற்காக நான் வாயை மூடிக்கொண்டேன், ஒன்றும் வரவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஊருக்கெல்லாம் எழுதியவர் என்னை மட்டும் கேட்கவில்லை. சிரிப்பு வந்தது. அதோடு மற்றதும் வந்தது.

"ஜோடி இல்லைன்னா இது காணாமப் போயிடும் அக்கா" என்றாள் அவள் மெதுவாக. "விட்டுரலாமா?"

"அப்படியே ஏத்து."

"அண்ணி, ஹோட்டல் மேனேஜர் படிப்பாரு" என்றார் கொழுந்தன்.

"படிக்கட்டும் தம்பி. அவருக்கும் ஒரு வீடு இருக்கும்ல?"

போன் உடனே அடிக்கவில்லை. அவள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள், தேடலுக்கு நம்பிக்கை வர நாளாகும் என்று. முதலில் நொண்டுகிற மெஷின்கள் வந்தன. பிறகு பூட்டிக்கொண்ட சட்டைகள். ஒரு மத்தியானம் ஒருவர் அழைத்தார், குரல் கம்மி.

"மேடம், பிளக் பாத்துட்டேன். கதவும் பாத்துட்டேன்."

"மெஷின் எத்தனை வருசம் ஆச்சுங்க?"

"மெஷின் நல்லா ஓடுது மேடம்." குரலை இன்னும் தாழ்த்தினார். "அந்த சார் என்ன பண்ணினாருன்னு கடைசில தெரிஞ்சுதா?"

கொழுந்தன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"அதை விடுங்க. நீங்க என்ன பண்ணித் தொலைச்சீங்க? அதை முதல்லேர்ந்து சொல்லுங்க."