பல்லை மட்டும் விட்டுடுங்கம்மா

கிருமி வளர்க்கும் பெட்டியை மூன்றாவது முறையாகத் திறந்து பார்த்தாள் அந்த ஆய்வுக்கூடத்துக்காரி. அரை மணி நேரத்தில் கிருமிகள் மனம் மாறிவிடுமா என்ன? ஆனாலும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கொழுப்பு அமிலத்தையும் அதிலிருந்து கிடைக்கும் எஸ்டர் என்ற வேதிப்பொருளையும் கலந்து அவள் கம்பெனிக்காகச் செய்த வாய்கொப்பளிக்கும் மருந்துதான் காரணம். கண்ணாடிக் குழாயில் மிதந்த பல் கிருமிகளைக் கூண்டோடு ஒழித்துவிட்டது. அன்று அவள் துள்ளிக் குதிக்காத குறைதான். வில்லங்கமே பிறகுதான் வந்தது. பிடுங்கிய பல்லில் படலமாக ஒட்டி வளர்ந்த கிருமிகள் அதே மருந்தில் ஊறியும் அசைந்துகொடுக்கவில்லை. பிசுபிசுப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுகமாக இருந்தன. மூன்று பற்களில் பார்த்தாயிற்று, மூன்றிலும் அதே முடிவு.

"அந்தப் பல்லை மட்டும் விட்டுடுங்கம்மா," என்று மேலாளர் அறிக்கையை நீட்டினார். "குழாய்ல செத்துச்சா இல்லையா? அதை மட்டும் எழுதுங்க. 'இனி பிரஷ்ஷே வேண்டாம்'னு விளம்பரம் அச்சடிச்சாச்சு. உங்க வேலை நிரந்தரமாகறதும் இதுலதான் இருக்கு."

இரண்டு வருடமாகத் தவம் கிடக்கிற வேலை! பேனாவைத் திறந்தாள், மூடினாள், எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள்.

அந்த நேரம் பார்த்து அலுவலக டிரைவர் கன்னத்தைப் பிடித்தபடி வந்தார். சோதனைக்குத் தன் பல் அழுக்கைச் சுரண்டிக் கொடுத்தவர் அவர்தான்.

"என்னண்ணே, இப்படி வீங்கியிருக்கு?"

"ரெண்டு நாளா ஒரு வாய் சாப்பிட முடியலம்மா. நீ குடுத்த கொப்பளிக்கிற மருந்து தீர்ந்துபோச்சு, இன்னொரு பாட்டில் குடேன்."

"பல் தேய்க்கிறீங்கல்ல?"

"நீதானேம்மா சொன்னே, இதைக் கொப்பளிச்சாலே போதும்னு? ஒரு மாசமா நான் பிரஷ்ஷைத் தொடலையே. வீட்ல பிள்ளைங்களுக்கும் இதேதான்."

அவளுக்குப் பகீரென்றது. குழாயில் கிருமி செத்த குஷியில் அன்று எதையோ உளறிவைத்திருந்தாள். இந்த மனுஷன் அதை அப்படியே நம்பிவிட்டார். பாழாய்ப்போன வாய்!

"தப்பு என் மேலதாண்ணே. இப்பவே பல் டாக்டர்கிட்ட போங்க. பிள்ளைங்க இன்னைக்கே பல் தேய்க்கட்டும்."

அவர் போனதும் பல்லில் கண்டதை முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டு, மேலாளரின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். படித்தவர் முகம் கடுகடுத்தது.

"வேலை வேணாமா உங்களுக்கு?"

"வேணும் சார். ஆனா பாதியை மறைச்சுச் சொல்ற உண்மையும் பொய்தான். நாம இங்க மறைக்கிறது, நம்மள நம்பினவங்க வாயிலதான் போய் வீங்குது."