துரைசாணி வீட்டுப் பனி

அக்கா, நான் சொல்லச் சொல்ல நம்ம அய்யாசாமி அண்ணன் எழுதுறாரு. நடுவுல சிரிக்கிறாரு. எழுத்து கோணலா இருந்தா நான் பொறுப்பில்ல.

ரங்கூன் வந்த ஆறாம் மாசம் ஒரு துரைசாணி பங்களாவுல தோட்ட வேலை கிடைச்சிருச்சு. என்ன வேலைன்னு அத்தான் கேப்பாரு. பனிக்குக் காவல்! சீமையிலேருந்து பிளம் மரக்கன்னு ஒண்ணு வந்திருக்கு. கூடவே ஒரு புஸ்தகம். துளிர் விடுற நேரத்துல உறைபனி விழுந்து கருக்கிரும், கம்பளி போத்துன்னு அதுல போட்டிருக்காம். இங்க பங்குனி வெயில்ல காக்காயே வாயைப் பொளந்துக்கிட்டு நிழல் தேடுது.

"அம்மா, இந்த ஊர்ல உறைபனி இல்லீங்களே"ன்னேன்.

"புஸ்தகத்தை விட உனக்கு ஜாஸ்தி தெரியுமோ? மரம் செத்தா அடுத்த கப்பல்ல ஊர் போய்ச் சேரு."

போத்தினேன். உள்ள புழுங்கி, பத்தே நாள்ல கிளை பூரா வெள்ளை வெள்ளையா மாவுப்பூச்சி. அடுத்த கப்பல் எனக்குத்தான்னு நினைச்சேன். துரைசாணி வந்து பாத்தாங்க. கையைத் தட்டுனாங்க.

"பாத்தியா, பனி! இன்னொரு கம்பளி கொண்டா!"

பனி கால் வச்சு ஊர்ந்து போறதை அன்னிக்குத்தான் பாத்தேன்.

சமையல்காரர் கோ தான் மவுங், பர்மாக்காரர், நல்ல மனுஷன். "போத்து தம்பி, நல்லாப் போத்து. மரத்துக்கு ஜன்னி கண்டா கஷாயம் நான் வைக்கிறேன்"னாரு. அப்புறம் துரை குடிச்சுப் போட்ட சுருட்டுத் துண்டையெல்லாம் பொறுக்கி ஊறப் போட்டு, இந்தப் புகையிலைத் தண்ணிக்குப் பூச்சி செத்துரும்னு குடுத்தாரு. துரைசாணி கிளப்புக்குப் போறப்பல்லாம் கம்பளியை உருவிட்டு, அந்தத் தண்ணியில துணியை முக்கி ஒவ்வொரு கிளையாத் துடைச்சேன். ரெண்டு வாரத்துல இலை பளபளன்னு ஆயிருச்சு.

துரைசாணிக்கு ஒரே சந்தோஷம். "பனிக்காலம் முடிஞ்சுது. நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

கேட்டுக்க அக்கா. செத்தாலும் கப்பல், பொழைச்சாலும் கப்பல்!

மறுநா காலையில கம்பளியை மடிச்சுக் குடுக்கப் போனேன். போற வழியில, சுவரோரச் செம்பருத்தியில கெடந்த மாவுப்பூச்சி நாலு எப்படியோ பிளம் கிளைக்குக் குடி வந்திருச்சு. எப்படின்னு என்னைக் கேக்காத.

"ஐயோ, பனி திரும்பிருச்சு! நீ எங்கயும் போகாதே!"

இப்பச் சித்திரையும் பொறந்தாச்சு, தெருவெல்லாம் பர்மாக்காரங்க புதுவருசம்னு தண்ணி ஊத்தி விளையாடுறாங்க. நான் கம்பளியோட நிக்கிறேன். ஒரே ஒரு கிளையை மட்டும் துடைக்காம விட்டு வச்சிருக்கேன். அது பக்கத்துக்குப் பரவாம இருக்க, தெனமும் சுருட்டுத் தண்ணி.

வேலை உறுதின்னு அத்தான்கிட்டச் சொல்லிரு. துரைக்கு இருமல் ஜாஸ்தியாயிருக்கு, டாக்டர் வந்துட்டுப் போறாரு. அவரு சுருட்டை மட்டும் விட்டுறக் கூடாதுன்னு மாரியாத்தாளுக்கு வேண்டிக்க.