பெட்டிப் பணம்

"இவ்வளவு கம்மியான செலவுல ரெண்டு பேர் வாழ முடியாது" என்றாள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி.

அந்த நாட்டு மொழியில்தான் சொன்னாள். நமக்கு அது எதற்கு, தமிழிலேயே வைத்துக்கொள்வோம். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஸ்டோர் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்த மனிதர், அதனால் அந்தப் பெயர். கீழ்வீட்டு டிரைவர்தான் அவரை ஸ்டோர் அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவான். நாமும் அப்படியே கூப்பிடலாம், ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தொழிற்சாலையை இழுத்து மூடியபோது அண்ணனுக்கு வயது ஐம்பத்தெட்டு. பென்ஷன் அறுபத்துமூன்றில்தான். அதுவரை அந்த நாட்டிலேயே குடியிருக்க வேண்டும். நடுவில் கிளம்பினால் இருபத்தெட்டு வருஷ உழைப்புக்கும் தலைமுழுக வேண்டியதுதான். பிள்ளை குட்டி இல்லை. ஐந்து வருஷத்தையும் சேமிப்பை வைத்தே ஓட்டியாக வேண்டும். வருஷா வருஷம் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது, கையில் பணம் இருக்கிறது, வேலை எதுவும் செய்யவில்லை, யாரிடமும் உதவி வாங்கவில்லை என்று காட்ட வேண்டும். இரண்டு தடவை நல்லபடியாக முடிந்தது. இது மூன்றாவது.

அண்ணன் அன்று பெருமையோடுதான் போயிருந்தார். பன்னிரண்டு மாத ரசீதுகளையும் தேதிவாரியாக ஒட்டி, தடித்த கோப்பாகக் கட்டி எடுத்துப் போயிருந்தார். "போன வருஷத்தைவிட இந்த வருஷம் நல்லாவே குறைச்சிருக்கோம்" என்று அவரே வாயைக் கொடுத்தார். அவள் பாராட்டுவாள் என்று நினைப்பு.

அவள் ஒரு தாளை அவர் பக்கம் திருப்பினாள். "இது அரசாங்க அட்டவணை. ரெண்டு பேருக்கு மாசம் குறைஞ்சது இவ்வளவு ஆகும். நீங்க காட்டறது அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. மிச்சம் எங்கேருந்து வருது?"

"எங்கேருந்தும் வரல. சிக்கனம்."

"சிக்கனம்னு இந்தப் படிவத்துல ஒரு கட்டம் இல்லை" என்றாள் அவள், சிரிக்காமல். "ஒன்னு, நீங்க ரகசியமா எங்கேயோ வேலை செய்றீங்க. இல்லை, யாரோ உங்களுக்குக் கொடுக்கறாங்க. ரெண்டையும் மறைக்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள்ள நான் உங்க வீட்டுக்கு வருவேன். என்னிக்குன்னு சொல்ல மாட்டேன். பார்த்துட்டு முடிவு எழுதுவேன். எனக்குத் திருப்தி இல்லைன்னா முப்பது நாள்ல நீங்க கிளம்பணும்."

அண்ணன் கோப்பை மூடிக் கட்டினார். அண்ணிக்கு அந்த மொழி கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் தெரியும். மாமியாரைக் கடைசிவரை பார்த்துவிட்டு அவள் இங்கே வந்து பத்து வருஷம்தான் ஆகிறது. ஆனால் முப்பது நாள் என்பது அவளுக்கும் புரிந்தது.

திரும்பி நடந்தே வந்தார்கள்.

"உங்களை யாரு இவ்வளவு அழகா காட்டச் சொன்னது?" என்று அண்ணிதான் ஆரம்பித்தாள். "ஊர்ல இருக்கிறவன் எல்லாம் வரவைக் குறைச்சுச் சொல்லி மாட்டுவான். செலவைக் குறைச்சுச் சொல்லி மாட்டின ஆள் நீங்க ஒருத்தர்தான்."

"குறைச்சுச் சொல்லல. குறைச்சிருக்கோம்."

"அதைத்தான் சொல்றேன். சரி, வேற கணக்கு எதுவும் இருக்கான்னு கேட்டிருந்தாங்களே, அந்த இடத்துல என்ன எழுதினீங்க?"

அண்ணன் நடையைக் கொஞ்சம் வேகமாக்கினார். "இல்லைன்னு."

"அப்போ பெட்டிப் பணம்?"

"அது வேற."

"என்ன வேற? உங்க பேர்லதானே இருக்கு?"

"அது உயிரோட இருக்கிறவங்களுக்கான பணம் இல்லை. அதைப் பத்தி இனிமே பேசாதே."

பெட்டிப் பணம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன் அந்தத் தொழிற்சாலையில் வெல்டர் ஒருவர் வேலை நேரத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். உடலை ஊருக்கு அனுப்பப் பெட்டி, விமானம், காகிதங்கள் என்று பெரிய தொகை ஆகும். வெல்டர் கையில் ஒன்றும் இல்லை. ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஷிப்டு ஷிப்டாக வசூல் செய்தார்கள். வசூல் போதாமல் இருபத்திரண்டு நாள் அவர் குளிர் அறையில் கிடந்தார். கடைசியில் கம்பெனி பெட்டி கொடுத்தது. சரக்கு வெளியே போகும் பதிவேட்டில் 'பெட்டி, ஒன்று' என்று எழுதியது நம் அண்ணன் கைதான்.

மறுநாளே அவர் வேறொரு வங்கியில் கணக்குத் திறந்தார். இரண்டு பெட்டிக்கான பணம். தனக்கொன்று, அண்ணிக்கொன்று. தனக்காக ஒருவனும் ஹெல்மெட்டைக் கவிழ்க்கக் கூடாது என்பது அவருடைய வைராக்கியம். அதற்குப் பிறகு அந்தப் பணத்தின் பக்கம் அவர் தலைவைத்துப் படுத்ததில்லை.

அன்று சாயங்காலம் டிரைவர் மேலே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"அண்ணே, முதல்ல ஹீட்டரைப் போடுங்க. வீட்டுக்குள்ள கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா யாருக்குமே சந்தேகம் வரும்."

"ஹீட்டர் போட்டா பில் ஏறும். பில்லுக்கும் ரசீதுக்கும் ஒத்து வராது."

"அப்போ அவங்க வரும்போது நீங்க வசதியா இருக்கிற மாதிரி இருக்கணுமா, கஷ்டப்படற மாதிரி இருக்கணுமா?"

"அதுதான் தெரியலடா" என்றார் அண்ணன்.

"பேசாம நான் வாராவாரம் மளிகை வாங்கித் தர்றேன்னு சொல்லிடுங்களேன். அண்ணிக்குச் செஞ்சா எனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

"உதவி வாங்கினதை ஏன் மறைச்சேன்னு கேப்பாங்க. கதை முடிஞ்சுது. நீ கீழே போ, புண்ணியமாப் போகும்."

"போறேன். ஆனா அண்ணே, செலவு பண்ணாததுக்கு ஒரு மனுஷனைப் பிடிக்கிறதை நான் இப்பதான் கேள்விப்படறேன்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினான்.

அடுத்த நான்கு நாட்களும் அவர்களுக்கு ஒவ்வொரு யுகம். மாடிப்படியில் காலடி கேட்டால் அண்ணன் எழுந்து நிற்பார். அண்ணி அடுப்படியில் அப்படியே உறைந்து நிற்பாள். காலடி மேல்மாடிக்குப் போய்விட்டால் இரண்டு பேரும் மூச்சை விடுவார்கள். இரவில் அண்ணன் தன் கோப்பை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டுவார். எங்கேயும் பிசகு இல்லை. பிசகு இல்லாததுதான் பிசகாகப் போயிற்று.

ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு அழைப்புமணி அடித்தது.

அதிகாரி காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். இரண்டு அறை. ஒன்றைப் பூட்டியே வைத்திருந்தார்கள், ஒரே அறையில் முடங்கினால் குளிர் கொஞ்சம் குறையுமே என்று. மின்மீட்டரைப் படம் எடுத்தாள். கட்டில்மேல் கம்பளியில் சுற்றி மூட்டையாக இருந்ததைப் பார்த்ததும் அவள் புருவம் உயர்ந்தது.

"இது என்ன?"

அண்ணன் கம்பளியைப் பிரித்தார். உள்ளே பாத்திரம். மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. "ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைச்சுடுவோம். மிச்சம் கம்பளியிலேயே வெந்துடும்."

அவள் குனிந்து சோற்றைப் பார்த்தாள். எழுதிக்கொண்டாள்.

அலமாரியைத் திறந்ததும் ஒரு கணம் நின்றுவிட்டாள். ஒவ்வொரு டப்பாவின் கழுத்திலும் நூலில் ஓர் அட்டை தொங்கியது. எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, எவ்வளவு எடுத்தது, எவ்வளவு மிச்சம். தொழிற்சாலையில் நட்டு போல்ட்டுக்கு மாட்டிய அதே மாதிரி அட்டை. அவள் தராசு கேட்டாள். பருப்பை நிறுத்தாள், சரி. அரிசியை நிறுத்தாள், சரி. சர்க்கரையில் இருபது கிராம் குறைந்தது.

"அது நான்" என்று அண்ணி தமிழில் முணுமுணுத்தாள். "அன்னிக்கு ரெண்டாவது டீ போட்டேன்."

அண்ணன் அதை மொழிபெயர்த்தார். அதிகாரியின் உதட்டோரம் லேசாக நெளிந்தது. அண்ணனுக்குப் போன உயிர் பாதி திரும்பியது. இனிப் பயமில்லை என்று நினைத்தார்.

அப்போது அவள் மருந்து டப்பாவைத் திறந்தாள்.

மருந்துச் சீட்டை எடுத்து ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் கோப்பைப் புரட்டினாள். முன்னும் பின்னும் இரண்டு தடவை.

"இது இவங்களோட ரத்த அழுத்த மாத்திரை. தினம் ஒன்னுன்னு டாக்டர் எழுதியிருக்கார். ரசீதுப்படி ரெண்டு மாசத்துக்கு முப்பதுதான் வாங்கியிருக்கீங்க. மிச்ச முப்பதை யார் வாங்கித் தர்றாங்க?"

"யாரும் இல்லை. டாக்டர் அளவைப் பாதியாக் குறைச்சுட்டார்" என்றார் அண்ணன் உடனே. அண்ணி அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள். அந்தச் செலவு பாதியான மாதம் அவர் சந்தோஷப்பட்டதுகூட அவருக்கு நினைவிருந்தது.

"குறைக்கலையே. போன மாசம் எழுதின சீட்டு இது, பாருங்க. அவங்களைக் கேளுங்க."

அண்ணன் திரும்பினார். "ஏம்மா, மிச்ச மாத்திரை எங்கேருந்து வருதுன்னு கேக்கறாங்க."

அண்ணி முந்தானையைக் கையில் சுருட்டினாள். டிரைவர் கொடுத்தான் என்று சொல்லலாம். சொன்னால் புருஷனுக்குத் தெரிய வேண்டாத விஷயம் தெரியாமலே போகும், ஆனால் உதவியை மறைத்ததாக ஆகிவிடும்.

"எங்கேருந்தும் வரல. நான் பாதியா வெட்டித்தான் போட்டுக்கறேன். எட்டு மாசமா."

அண்ணன் மருந்து டப்பாவைப் பார்த்தார்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் அதிகாரி.

அவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, என்ன சொன்னாங்க?"

"சொல்லுங்க" என்றாள் அண்ணி. "மறைச்சா தப்பாயிடும்."

அவர் சொன்னார். இரண்டே வாக்கியம்தான். அந்த மொழியை இருபத்தெட்டு வருஷமாகப் பேசியவர், முதல்நாள் வேலைக்கு வந்தவரைப்போலத் திக்கித் திக்கிச் சொன்னார். அண்ணி ஒரு சின்ன டப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உள்ளே ஒரு பிளேடு, காகிதத்தில் மடித்த அரை மாத்திரைகள் ஏழு.

அதிகாரி பேனாவை மூடினாள். பிறகு திறந்தாள்.

"நான் நம்பறேன். உங்களுக்கு ரகசிய வரும்படி இல்லை" என்றாள். "ஆனா இப்ப வேற பிரச்சினை. பாதி மருந்துல வாழறாங்கன்னு நான் எழுத முடியாது. முழு மருந்து, குளிருக்கு ஒரு ஹீட்டர், இது ரெண்டையும் சட்டப்படி சேர்த்தே ஆகணும்." கணக்குப் போட்டாள். "பென்ஷனுக்கு ஏழு மாசம் முன்னாடியே உங்க சேமிப்பு தீர்ந்துடுது. பற்றாக்குறைன்னு வந்தா அனுமதி இல்லை. வேற ஏதாவது பணம் இருக்கா?"

'வேற பணம்' அண்ணிக்கும் புரிந்தது. ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் பக்கம் பார்க்கவும் இல்லை, மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் எழுந்து போனார். பூட்டிய அறையைத் திறந்து, துணிப்பெட்டிக்கு அடியிலிருந்து வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

அவள் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். முகம் மாறியது. "வேற கணக்கு இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"போட்டேன். அது வாழறதுக்கான பணம் இல்லை. செத்தா எங்களை ஊருக்கு அனுப்பற பணம். ரெண்டு பேருக்கு. அதனால அதை நான் கணக்குலயே சேர்க்கல."

அவள் அவரைப் பார்த்தாள், அரை மாத்திரைகளைப் பார்த்தாள்.

"இதுல எவ்வளவைச் செலவுக்குக் காட்டறீங்க?"

"பாதி" என்றார் அண்ணன். "என்னோட பங்கு. என்னை இங்கேயே எரிச்சுடட்டும். இவளோட பங்கை மட்டும் தொட மாட்டேன்." அதைத் தமிழிலும் மனைவியிடம் சொன்னார்.

அண்ணிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "என்னது? நீங்க இங்கே இருப்பீங்க, என்னை மட்டும் பெட்டியில போட்டு அனுப்புவீங்களா? அங்கே போய் நான் தனியா யார் மூஞ்சியைப் பார்க்கறது?"

"மெதுவாப் பேசு. அதிகாரி உக்காந்திருக்காங்க."

"உக்காந்திருக்கட்டும்! உயிரோட இருக்கிறப்ப அரை மாத்திரை, செத்தப்புறம் முழு டிக்கெட்டா? ஒன்பது வருஷமா அந்தப் பணத்துக்குப் பூஜை பண்றீங்களே, எனக்கு எங்கே போகணும்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"கேக்கல" என்றார் அவர்.

"இப்பக் கேளுங்க."

"எங்கே போகணும்?"

"எங்கேயும் போக வேண்டாம். ரெண்டு பங்கையும் எழுதுங்க."

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏதாவது தகராறா?"

"இல்லை" என்றார் அண்ணன். "முழுத் தொகையையும் எழுதிக்கச் சொல்றாங்க."

அவள் புதுக் கட்டத்தில் தொகையை எழுதிக் கூட்டினாள். ஏழு மாதப் பள்ளம் நிரம்பி, மேலே நான்கு மாதம் மிஞ்சியது. 'தவறுதலாக விடுபட்டது, முடிவுக்கு முன் விண்ணப்பதாரரே தெரிவித்தார்' என்று பக்கத்தில் ஒரு வரி எழுதி அண்ணனிடம் கையெழுத்து வாங்கினாள். கீழே தன் பெயரைப் போட்டு முத்திரை குத்தினாள்.

"புதுப்பிக்கலாம்னு எழுதிட்டேன். கடிதம் பத்து நாள்ல வரும். ஆனா அடுத்த வருஷம் மருந்து ரசீதைத்தான் முதல்ல கேப்பேன்."

கதவுவரை போய்க் காலணியை மாட்டியவள், அந்தச் சோறு கம்பளியில் வேக எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள். முக்கால் மணி என்றார் அண்ணன். அதையும் குறித்துக்கொண்டு போய்விட்டாள்.

கதவைச் சாத்தியதும் அண்ணன் அங்கேயே நின்றார்.

"தலை சுத்துச்சா?"

"சில நாள்."

"எப்பல்லாம்?"

"காலையில எழுந்திருக்கிறப்ப. படியேறறப்ப." அண்ணி தராசை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள். "பெரிசா ஒன்னுமில்லை."

"நான் சந்தோஷப்பட்டேனே. செலவு குறைஞ்சுதுன்னு உன்கிட்டயே சொன்னேனே."

"சொன்னீங்க."

"அப்பவே நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே."

"திட்டியிருந்தா அந்தப் பணத்தை எடுத்திருப்பீங்களா?"

எடுத்திருக்க மாட்டார் என்று இருவருக்கும் தெரியும். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க? சோறு ஆறிடும்."

"மருந்துக் கடைக்கு."

"சாயங்காலம் போகலாமே."

அவர் அதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டார். அண்ணி மேசையிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"சீட்டு இல்லாம எவன் மாத்திரை கொடுப்பான்? நில்லுங்க!" என்று படிக்கட்டே அதிரக் கூப்பிட்டாள். கீழ்வீட்டுக் கதவு திறந்து டிரைவர் தலையை நீட்டினான். அவர் திரும்பி மேலே ஏறிவந்து கையை நீட்டினார்.