ஜெரூஷா எந்த ஊரு?

மூன்றாம் வகுப்பின் பாதியிலேயே ஹெப்சி தன் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டாள். ஜெரூஷாவுக்கு அப்படியே அப்பாவின் ஜாடை. அப்பா டெம்ஜென் நாகாலாந்துக்காரன். சென்னை விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. பிள்ளைகள் மகளை "சைனா" என்றபோதெல்லாம் ஹெப்சி பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் வகுப்பு ஆசிரியையே, "கண்ணை நல்லாத் திறந்து போர்டைப் பாரு" என்று சொல்ல, வகுப்பு மொத்தமும் சிரித்தது. அன்றைக்கே போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு பொழிச்சலூர் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் பள்ளிக்கூடம்.

கல்லூரியில் பாடம் நடத்தியவளுக்குக் கணக்கும் அறிவியலும் சிரமமாக இல்லை. ஒரே ஒரு பாடத்தை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். ஒரு சனிக்கிழமை காலையில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு தொடங்கினாள். உலகத்தில் எத்தனை விதமான முகங்கள், எத்தனை நிறங்கள், ஆனாலும் உள்ளுக்குள் எல்லாரும் ஒன்று.

ஜெரூஷா பென்சில் சீவிக்கொண்டே கேட்டாள்: "எல்லாரும் ஒண்ணுன்னா, என்னை மட்டும் ஏம்மா எந்த ஊருன்னு கேக்குறாங்க?"

ஹெப்சி புத்தகத்தை மூடினாள்.

"சில பேர் தெரியாம கேக்குறாங்க. சில பேர் வேணும்னே சீண்டுறாங்க. அப்படிச் சீண்டினா உன் தப்பு ஒண்ணும் இல்ல."

"தெரியாம கேட்டாலும் என் தப்பு இல்லல்ல?"

"இல்லடி. எதுலயும் உன் தப்பு இல்ல."

"அப்போ நான் ஏன் வூட்லயே கீறேன்?"

"வீடுன்னு சொல்லு" என்று மட்டும் திருத்தினாள் ஹெப்சி.

அன்று சாயங்காலம் தெருக்கோடியில் இருந்த காலி மனைக்கு மகளைத் தனியாக அனுப்பினாள். அனுப்பிவிட்டு, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து ஜெரூஷாவின் காலடிக்கு உருண்டு வந்தது.

"ஏ சைனா, பால் எடுத்துப் போடு!" என்று கத்தினான் மகேஷ். முனையில் மீன் விற்கும் புஷ்பலதாவின் மகன்.

ஹெப்சி தெருவில் இறங்கி வேகமாக நடந்தாள். ஜெரூஷா பந்தை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"என் பேரு ஜெரூஷா. பேரச் சொல்லிக் கேளு, போடறேன்."

"நீ சைனா இல்லியா?"

"இல்லடா. எங்கப்பா நாகாலாந்து. எங்கம்மா பொழிச்சலூரு. நான் இங்கதான் பொறந்தேன். உனக்கு இன்னா இப்போ?"

அந்த "இன்னா"வில் பையன்கள் அசந்துபோனார்கள். "டேய், நம்மள மாரியே பேசுதுடா!"

அம்மா வருவதைப் பார்த்த ஜெரூஷா, அங்கேயே நில் என்று கையைக் காட்டினாள். ஹெப்சி நின்றாள்.

"நாகாலாந்து எங்க கீது?" என்றான் மகேஷ்.

ஜெரூஷா அதன் பிறகுதான் அம்மாவைக் கூப்பிட்டாள். ஹெப்சி ஒரு ஸ்டம்பை வாங்கி மண்ணில் இந்தியாவை வரைந்து, வடகிழக்கு மூலையைக் காட்டினாள். பையன்கள் குனிந்து பார்த்தார்கள்.

"தெரியலன்னா கேக்கலாம்பா. பேர் இருக்கும்போது முகத்த வெச்சுக் கூப்பிட்டா வலிக்கும்" என்றாள்.

மகேஷ் காலால் மண்ணைக் கிளறினான். "என்னையும் ஸ்கூல்ல பேர் சொல்ல மாட்டானுங்க டீச்சர். மீனு நாத்தம்னுதான் கூப்புடுவானுங்க."

ஜெரூஷாதான் அவனிடம் சொன்னாள்: "அது உன் தப்பு இல்லடா."

மகேஷ் நிமிர்ந்து பார்த்தான். "பால் போடு ஜெரூஷா" என்றான். போட்டாள்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. இருட்டிக் கலையும்போது ஒருவன், "பை சைனா" என்று கத்திவிட்டு ஓடினான். ஜெரூஷாவின் முகம் சுண்டிப்போனது. மகேஷ் அவனைத் துரத்திக்கொண்டு போனான். வீட்டுக்கு வந்து அவள் கொஞ்ச நேரம் அழவும் செய்தாள். ஹெப்சி மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள்.

"நாளைக்குப் போக வேணாமா?"

"போணும்" என்றாள் ஜெரூஷா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மறுநாள் அவர்கள் தேவாலயத்திலிருந்து திரும்பியபோது, மகேஷ் பேட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான். "டீச்சர், எங்க டீம்ல ஒரு ஆளு கொறையுது."

ஜெரூஷா அம்மாவைப் பார்த்தாள். "சாப்பிட்டுட்டுப் போ" என்றாள் ஹெப்சி. பிறகு மகேஷையும் உள்ளே கூப்பிட்டு, மேஜைமேல் கிடந்த பாடப் புத்தகங்களை ஒதுக்கிவிட்டு இன்னொரு தட்டு வைத்தாள்.